லிங்கம் அண்ணன் மருந்து சாப்பிட்டார்

அன்று காலை பஸ் வரவில்லை. சிம்பாங் ரெங்கம் கடைவரிசைக்கு எதிரே, எப்போதும் நிற்கிற இடத்தில், பசியாற வாங்கிய பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் நின்றிருந்தோம். லிங்கம் அண்ணன் பஸ் தாமதமாக வந்து யாரும் பார்த்ததில்லை. "மனுஷன் இன்னிக்குத்தான் நல்லாத் தூங்குறாரு போல" என்று நான்தான் கிண்டலை ஆரம்பித்தேன். பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் என் கைப்பேசி அடித்தது. அவர் மனைவி பாக்கியம் அக்கா. "மல்லிகா, அண்ணன் போயிட்டாரும்மா. பஸ்ஸுக்கு நிக்காதீங்க. வேற காடி பாத்து வேலைக்குப் போங்க" என்றார். புருஷன் உயிர் போன அந்த நேரத்திலும் எங்களுக்கு வேலைக்கு நேரமாகுமே என்று நினைத்திருக்கிறார். அப்படிப்பட்ட வீடு அது. அன்றைக்கு எங்களில் யாரும் வேறு வண்டி பார்க்கவில்லை.

அந்த பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செனாய் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு எங்களை ஏற்றிப்போய், மாலையில் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டவர் அவர். முழுப்பெயர் தர்மலிங்கம். பிறந்தது பாலோ பக்கத்து எஸ்டேட்டில். ஆள் பெரிய உருவம், குரல் மட்டும் சின்னது. ஹாரன் அடிக்கக்கூட யோசிப்பார். நான் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். எனக்கு வாய் நீளம் என்று ஊரெல்லாம் பெயர். பஸ் கதவை யாராவது ஓங்கிச் சாத்தினால் அவர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். அவருக்காகத் திட்டுகிற வேலை என்னுடையது. இருபது வருஷத்துக்கு மேல் நாங்கள் இப்படித்தான் சிநேகிதமாக இருந்தோம்.

அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது, பயணிகளை ஏற்றும் லைசென்சைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோதுதான் தெரிந்தது. ஒரு மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. இன்னொன்று சேர்த்தார்கள். பிறகு அளவைக் கூட்டினார்கள், வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள், கடைசியில் நாலு வகை ஆனது. எண் இறங்கவே இல்லை. மாதாமாதம் கிளினிக்கில் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான். "மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" சாப்பிடுகிறேன் என்பார். கேட்டவர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வரிசை நீளம், வருகிறவர்களில் பலர் உண்மையிலேயே மருந்தை விட்டுவிடுகிறவர்கள். ஆனால் விடாதவன் ஒருவன் அந்த வரிசையில் நின்றால் அவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அவர் டிரைவர் என்பதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அந்த நாலில் ஒரு மாத்திரை நீரைப் பிரிப்பது. போட்டால் கழிப்பறைக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் பஸ் ஓட்டுகிறவர் எங்கே ஓடுவார்? அதனால் டிரைவர்கள் நிறையப் பேர் அதை மட்டும் போடாமல் ஏமாற்றிவிடுவார்கள். "நீங்க பஸ் டிரைவர்தானே அங்கிள், எங்களுக்குத் தெரியாதா" என்று ஒரு நர்சு சிரித்திருக்கிறாள். லிங்கம் அண்ணன் காலையில் எங்களை இறக்கிவிட்டதும் தொழிற்சாலை வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி அந்த மாத்திரையை விழுங்குவார். பிறகு மதியம் வரைக்கும் காவல் கொட்டகைக் கழிப்பறைக்கும் பஸ்ஸுக்குமாக நடப்பார். காவலுக்கு இருந்த நேப்பாளக்காரர் பாவப்பட்டு அந்தக் கழிப்பறைச் சாவி ஒன்றை அவருக்கென்றே கொடுத்துவைத்திருந்தார்.

மற்ற மாத்திரைகளை எங்கள் கண்ணெதிரில்தான் போடுவார். எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி நின்று உள்ளங்கையைக் காட்டுவார். "பாத்துக்குங்கம்மா. நாளைக்கு யாராச்சும் கேட்டா சொல்லணும்" என்பார். நாங்கள் அதை விளையாட்டாக்கிவிட்டோம். "வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க" என்பேன். தூக்கிக் காட்டுவார். பஸ் முழுக்கச் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷன் எங்கள் முன்னால் நாக்கைத் தூக்கிக் காட்டினார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஊரே அவருக்கு வைத்தியம் பார்த்தது. எங்கள் லைனில் வேலை செய்யும் ரொஹானா பூனைமீசைச் செடியைக் காயவைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். சீன அக்கா ஒருவர் செலரி சாறு கொண்டுவந்தார். கோயிலில் பார்க்கிறவர்கள் பாகற்காய் என்றார்கள், வெந்தயம் என்றார்கள், கோபத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அந்தக் கடைசி ஆலோசனைக்கு மட்டும் அவர் பதில் வைத்திருந்தார். "கோவப்பட்டா பிரசர் ஏறும்னு சொல்றாங்க. எனக்கு பிரசர் இருக்குன்னு ஆளாளுக்குப் பேசுறதாலதான் கோவமே வருது." வீட்டிலும் நிம்மதியில்லை. பாக்கியம் அக்கா கருவாட்டை நிறுத்தினார், சம்பலை நிறுத்தினார், ஊறுகாய்ப் போத்தலைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அப்போதும் இறங்கவில்லை. "வெளியில எங்கயோ திங்கிறீங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டார்.

பிறகு ஒரு வருஷம், லைசென்சுக்குப் பரிசோதித்த டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. இந்த அழுத்தத்தோடு நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டக் கூடாது என்றார். டாக்டர் சொன்னது சரிதான், நானும் அதை மறுக்க மாட்டேன். ஆனால் பஸ்ஸை எடுத்துவிட்டால் லிங்கம் அண்ணனிடம் மிச்சம் என்ன இருந்தது? பிள்ளை குட்டி இல்லாத வீடு. பேச்சுத் துணை, சொந்தம், பொழுதுபோக்கு எல்லாம் அந்த பஸ்தான். பஸ் கம்பெனி தவுக்கே நல்ல முதலாளி, அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. பஸ் கழுவுகிற வேலையில் போட்டார். நாங்கள் வேறு டிரைவரோடு போய் வந்தோம். மாலையில் பட்டறைப் பக்கம் பஸ் திரும்பும்போது, ரப்பர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் நிற்பார். நாங்கள் கையசைப்போம். அவர் எங்களைப் பார்க்காமல் டயரைப் பார்ப்பார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இப்படியே குழாயப் புடிச்சிட்டு நிக்கப் போறீங்களா? ஜே.பி.க்குப் போயி பெரிய டாக்டரப் பாருங்க" என்று அவர் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன். "போயி என்ன மல்லிகா, அவங்களும் அதையேதான் கேப்பாங்க" என்றார். "கேக்கட்டும். நான் கூட வரேன், நான் சொல்றேன்" என்றேன். அப்படித்தான் பாக்கியம் அக்காவும் நானும் அவரை ஜொகூர் பாருவில் ஒரு நிபுணரிடம் கூட்டிப்போனோம். இளம் வயது மலாய் டாக்டர், பெண். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அடுத்த வாக்கியத்தையும் சொன்னார். "சாப்பிடுறீங்கன்னா, அதை நாம நிரூபிச்சிடலாம்."

ஒரு வாரம் தினமும் காலையில் அண்ணன் கிளினிக்குக்குப் போய் நர்சு முன்னால் மாத்திரைகளை விழுங்கினார். பிறகு பகலும் இரவும் தானாகவே அழுத்தத்தை அளந்துகொள்ளும் மெஷின் ஒன்றைக் கையில் கட்டி அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று பாக்கியம் அக்கா அழுதுகொண்டே எனக்குக் கூப்பிட்டார். அத்தனை மாத்திரையும் உள்ளே போயும் அழுத்தம் உச்சத்தில்தான் இருந்திருக்கிறது. நான் பதறிப்போய் ஓடினேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "எறங்கல மல்லிகா" என்றார், பரீட்சையில் பாஸான மாதிரி. "இப்ப நம்புறாங்க. டாக்டரம்மா என்கிட்ட சாரின்னு சொன்னாங்க. அவங்க என்ன தப்பு செஞ்சாங்க, பாவம்." பாக்கியம் அக்கா கதவோரம் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோய் பெரியது என்று தெரிந்த நாளில் ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதன்பிறகு நிறையப் பரிசோதனைகள் செய்தார்கள். சுரப்பியில் கோளாறா, சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு புதுச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார்கள். அண்ணன் எங்களுக்கு அதை பஸ்காரர் பாஷையில் விளக்கினார். "மூளைக்கும் கிட்னிக்கும் நடுவுல நரம்பு ஓடுது. அது வழியா ஓயாம சேதி போயிட்டே இருக்கு. எனக்கு அந்த நரம்பு எந்நேரமும் ஹாரன் அடிக்குதாம். ரோட்டுல ஒரு காடியும் இல்ல, ஆனா இவன் அமுக்கிட்டே இருக்கான். அதக் கேட்டு பிரசர் ஏறுது. தொடைக்கு மேல ஒரு சின்ன ஓட்ட போட்டு, ரத்தக் குழாய் வழியா மெல்லிசா ஒரு ஒயர விட்டு, கிட்னிக்குப் போற குழாய்க்குள்ள நின்னு சூடு குடுப்பாங்க. வெளிச் சுவத்துல ஒட்டிட்டு இருக்குற நரம்பு அடங்கிடும். கிட்னிய யாரும் தொட மாட்டாங்க."

டாக்டர் பொய்யான நம்பிக்கை எதுவும் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் பலன் கிடைக்காது, கிடைத்தாலும் மெல்ல மெல்லத்தான் தெரியும், மாத்திரையை நிறுத்திவிட முடியாது என்று தெளிவாகச் சொன்னார். "அப்புறம் எதுக்கு இவ்வளவு சிரமம்?" என்று பாக்கியம் அக்கா தயங்கினார். அண்ணன் சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "கொறஞ்சா பஸ் ஓட்டுவேன். கொறையலன்னாலும் பரவால்ல. என் பேச்ச நம்பித்தான் இத செய்றாங்க."

சிகிச்சை ஒரு பகலில் முடிந்தது. மயங்கியும் மயங்காமலும் படுத்திருந்தாராம். சூடு கொடுக்கும்போது மட்டும் முதுகுப் பக்கம் யாரோ இழுத்துப் பிடித்தாற்போல் வலித்ததாம். பிறகு காலை மடக்காமல் நேராகப் படுத்திருக்கச் சொன்னதுதான் பெரிய தண்டனை என்றார். அவர் வீட்டுக்கு வருவதற்குள் சிம்பாங் ரெங்கத்தில் கதை வேறு மாதிரி பரவிவிட்டது. 'கிட்னியில் ஏதோ செய்தார்கள்' என்பது 'கிட்னி போய்விட்டது' என்று ஆகி, கோயிலில் அவர் பெயருக்கு விசேஷ அர்ச்சனையே நடந்தது. மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமுமாக ஆள்கள் வந்து தலைமாட்டில் நின்று கண்ணைத் துடைத்தார்கள். ரொஹானா தன் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசல்படியிலேயே என்னை ஓரமாக இழுத்து, "என்னோட கிட்னி பொருந்துமான்னு டாக்டர்கிட்ட கேளு. இவர் சம்மதிச்சிட்டாரு" என்று மலாயில் சொன்னாள். "அலமாக், அவருக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு லா" என்று நான் சொன்னதும் அவள் புருஷன் விட்ட மூச்சு உள்ளே படுத்திருந்தவருக்கே கேட்டிருக்கும். அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பாமலே, "அந்தப் புள்ளைக்கு நல்லாப் பசியாறக் குடுத்து அனுப்பு" என்றார்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதமும் அப்படித்தான். நான் உள்ளுக்குள் பயந்துபோனேன். அதன்பிறகு எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. தரையில் வந்து விழவில்லை, ஆனால் டாக்டர் தலையாட்டும் அளவுக்கு வந்தது. ஒரு மாத்திரையைக் குறைத்தார்கள். மற்றவற்றை அண்ணன் ஒரு நாளும் விடவில்லை. லைசென்சுக்கு மறுபடியும் பரிசோதனைக்குப் போனார். இந்த முறை டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அவர் திரும்பி வந்த காலையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பஸ்ஸைக் கழுவித் துடைத்து, சாமி படத்துக்குப் பூ வைத்துக் கொண்டுவந்தார். நாங்கள் ஏறி உட்கார்ந்தும் வண்டி நகரவில்லை. என்னவென்று எட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நாங்க வேலைக்குப் போணும், நீங்க நாளைக்கு அழுவலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார். அன்றைக்கு ஹாரனும் அடித்தார், காரணமே இல்லாமல், ஊர் எல்லையைத் தாண்டும் வரைக்கும்.

ஒரு வருஷம்கூட முழுதாகவில்லை. அன்று காலை சட்டை போட்டு, காலுறை போட நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பாக்கியம் அக்கா அடுப்படியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. அழுத்தம் இப்போது குறைந்திருந்தாலும், அத்தனை வருஷம் அதைத் தாங்கி இதயம் தடித்துப்போயிருந்தது என்றார்கள்.

சாவு வீட்டில் தங்காக்கிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், துணிக்கடைக்காரர், கையைப் பிசைந்துகொண்டு, "மருந்த ஒழுங்கா சாப்புட்டாரோ இல்லியோ, டிரைவர் வேல வேற" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சாவு வீடு என்றும் பார்க்காமல் எழுந்துவிட்டேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு அந்த மனுஷனைப் பார்த்து அமைதியாகப் பேசினார். "ஆஸ்பித்திரியில ஒரு டாக்டர் சொன்னாரு மாமா, இவரு சிகிச்சைக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும், லேட்டா வந்துட்டாருன்னு. நான் சொன்னேன், அவரு லேட்டா வரல டாக்டர். மாசாமாசம் வந்தாரு. வந்து உண்மையச் சொன்னாரு. நாங்கதான் லேட்டா நம்புனோம். நானுந்தான்." தவுக்கே அனுப்பிய பஸ்ஸில்தான் நாங்கள் எல்லோரும் மின்சுடலைக்குப் போனோம். வேறொருவர் ஓட்டினார்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். போன வாரம் லைனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் வந்து தலை சுற்றுகிறது என்றாள். வேலைக்கு வந்து சில நாளே ஆன பெண். பின்னாலிருந்து சூப்பர்வைசர், "சும்மா லா, வேலைக்கு டிமிக்கி குடுக்குது" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. வருஷக்கணக்காக ஒரு பெரிய மனுஷன் ஒவ்வொரு முகமாக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் நம்புறேன். நீ உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்து அழுதுவிட்டாள். லிங்கம் அண்ணன் எங்களிடம் கேட்டதும் இவ்வளவுதான். சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.